இரண்டு ஸ்கேனுக்கும் ஒரே மைசூர்பாக்

செல்லக்குட்டிக்கு,

முதலில் உன் அப்பாவைத் திட்டிவிட்டு வா, பிறகு படி.

போன வாரம் உன் ஸ்கேன் வந்தது, நேற்று என் ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது. செல்லை இரண்டாகப் பிரியச் சொல்லும் சைக்ளின் என்ற புரதம், உன் வயிற்றுக் குழந்தைக்குள் வேலை முடிந்ததும் கிளம்பிவிடும், எனக்குள் கல்யாணம் முடிந்தும் கிளம்பாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறது என்றாயே, அதோடு சேர்ந்து வேலை செய்யும் கூட்டாளிப் புரதத்தை மாத்திரை கட்டிப்போட்டுவிட்டதாம்.

அப்பா உடனே மயிலாப்பூருக்குப் போய் மைசூர்பாக் வாங்கிவந்து, அபிராமபுரத்தில் நம் ஃப்ளாட்ஸ் முழுக்கக் கொடுத்தார். என் வியாதியைத்தான் யாருக்கும் சொல்லவில்லையே. எதிர்வீட்டு வேம்பு மாமி, "எதுக்கு மாமா ஸ்வீட்?" என்றதும் திணறிப்போய், "பொண்ணு உண்டாயிருக்கா" என்று உளறிவிட்டார். மூன்று மாதம் முடியும்வரை மூச்சுவிடக் கூடாது என்று நீ சத்தியம் வாங்கியிருந்தாய்.

மாமி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அதற்குமேல் மறைக்க எனக்கு மனசு கேட்கவில்லை.

"அவளுக்கு வளரணும், எனக்கு வளரக்கூடாது மாமி. ரெண்டும் நடக்கறது" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"அப்போ எனக்கு இன்னொரு துண்டு வரணுமே."

அப்பாவை மறுபடி கடைக்கு அனுப்பியிருக்கும்,
உன் அம்மா