பெரியம்மா வரும்வரை

ஜூன் 9

அக்காவுக்கு,

சகலைக்கு ஆபரேஷன் புண் ஆறி, எழுந்து உட்காருகிறார் என்று கேள்விப்பட்டேன். நல்லது. நீங்கள் போனில் கூப்பிட்டதையெல்லாம் பார்த்தேன். எடுக்கவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. உங்கள் குரலும் உங்கள் தங்கை சிட்டுவின் குரலும் ஒன்றுதான். நேரில் என்றால் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். போனில் குரல் மட்டும்தானே வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

பிள்ளை நலம். தொப்புள்கொடி விழுந்துவிட்டது. புட்டிப்பால் ஒத்துக்கொள்கிறது. எடை கூடியிருக்கிறது என்று நர்ஸ் சொன்னார்.

அந்த நர்ஸ்தான் ஒருவரை அனுப்பினார். டூலா என்று பெயராம். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் பகலில் வந்து, தாய்க்கும் பிள்ளைக்கும் துணையாக இருப்பவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கனத்த உடம்பு, கண்ணாடி. நான் அவரிடம், "தாய் இல்லாத வீட்டுக்கும் வருவீங்களா?" என்று கேட்டேன். "பிள்ளை இருக்குல்ல? அதை வெச்சுக்கிட்டு ஒரு ஆளும் இருக்குல்ல?" என்றார்.

வந்ததும் பிள்ளையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்து, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார். யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. அதையே சொன்னேன். அவர் சமையலறைக்குப் போய் முட்டையை வேகவைத்தார்.

சிட்டு போன அன்று ஆஸ்பத்திரியில் பேசியபடியே இருக்கட்டும். சகலை நடமாட ஆரம்பித்ததும் வந்து பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் மறுபேச்சு பேச மாட்டேன். அதுவரை பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி

*

ஜூன் 16

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. என் தங்கத்துக்குப் பெரியம்மாவின் ஆயிரம் முத்தம். அதை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு படியுங்கள்.

கூடப் பிறந்தவளின் குரல் எனக்கு இருப்பதும் ஒரு குற்றமாகிவிட்டதா? படித்ததும் சுருக்கென்றது. பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "என்னங்க, குடை எடுத்தீங்களா?" என்று அவளைப் போலவே சொல்லிப் பார்த்தேன். நீங்கள் எழுதியது சரிதான். இனி கூப்பிடவில்லை.

உங்கள் சகலை வாசல் வரை நடக்கிறார். உப்பில்லாத சாப்பாட்டைப் பார்த்ததும் முகம் ஏழு முழம் போகிறது. "இதுக்கு ஆபரேஷன் மேசையிலேயே விட்டிருக்கலாம்" என்கிறார். அவர் வாயில் வருவதெல்லாம் நல்ல வார்த்தைதான், போங்கள்.

தங்கத்துக்கு அறை தயார். பின்பக்கத்து அறைதான், வெயில் படாது. சுவருக்கு இளமஞ்சள் அடித்தாயிற்று. தேக்கில் ஒரு தொட்டில் வாங்கியிருக்கிறேன். கவுன் வாங்கப் போய் ஒன்றுக்கு ஆறாக வாங்கி வந்துவிட்டேன். இத்துடன் பார்சலில் ஒரு சின்னத் தலையணை அனுப்பியிருக்கிறேன், நானே தைத்தது.

டூலாவோ கூலாவோ, யாரோ ஒருத்தி கையில் பிள்ளையை விட்டுவிட்டு அசந்திருக்காதீர்கள். ஆயிரம் இருந்தாலும் அவள் பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் போகிறவள்.

மனம் மாறமாட்டீர்கள் அல்லவா? கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 27

அக்காவுக்கு,

தலையணை கிடைத்தது. தையல் அழகு. ஆனால் டூலா அம்மா, "ஒரு வயசு வரைக்கும் தலையணையே வேண்டாம். மல்லாக்கப் படுக்க வைங்க. கிட்ட துணி, பொம்மை எதுவும் இருக்க வேண்டாம்" என்றார். அலமாரியில் வைத்திருக்கிறேன். நீங்கள் வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

அவர் கையில் பிள்ளையை விட்டுவிட்டு அசருவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வாங்கினால்தானே? நான் நீட்டினால், "நீங்க வெச்சுக்கிட்டு உக்காருங்க, நான் பாட்டில் கழுவுறேன்" என்பார். துணி துவைப்பார், தரை துடைப்பார், பாட்டில்களை வெந்நீரில் போட்டு எடுப்பார், என்னைத் தூங்கச் சொல்வார். நான் தூங்கும்போது மட்டும்தான் பிள்ளை அவர் மடியில். பார்க்க வருகிறவர்களிடம், "பார்த்தாச்சா? அப்படியே அந்தப் பாத்திரத்தைக் கழுவி வெச்சிட்டுப் போங்க" என்கிறார். மாடிவீட்டுக்காரர் இரண்டு நாளாக வரவில்லை.

குற்றமே இல்லாதவர் என்று நினைக்காதீர்கள். பாடுகிறேன் என்று ஒரு சத்தம் போடுகிறார். பிள்ளை பால் குடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறது. கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறார். ஒருநாள் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார். நான்தான் மீதித் துணியைக் காயப் போட்டேன்.

பிள்ளை பிறக்கும் முன் சிட்டு வாங்கி வைத்திருந்த உடைகள் ஒரு பையில் கிடந்தன. பால் கொடுக்க வசதியாக முன்பக்கம் பொத்தான் வைத்தவை. டூலா அம்மா அதை எடுத்து, "இதை எங்க வைக்கட்டும்?" என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன். "அப்ப இருந்த இடத்துலயே இருக்கட்டும்" என்று அங்கேயே வைத்தார்.

ஒருநாள், "சட்டையைக் கழட்டிட்டுச் சாஞ்சு உக்காருங்க" என்று சொல்லி, பிள்ளையை வெறும் உடம்போடு என் மார்பில் படுக்க வைத்து மேலே துணி போர்த்தினார். அது தூங்கிவிட்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவரிடம் சொன்னேன். "எனக்குப் பாசமே வரலைங்க. மரம் மாதிரி இருக்கு." அவர், "பாசம் வர்ற நேரத்துக்கு வரட்டும். பால் நேரத்துக்குப் போனாச் சரி" என்றார். மறுநாள் என்னை டாக்டரிடமும் அனுப்பினார். பிள்ளை பிறந்த வீட்டில் அப்பாக்களுக்கும் இப்படி மனம் மரத்துப்போவது உண்டாம். எனக்கு அதோடு இழவும் சேர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். வாரம் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வருகிறேன்.

லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் முதலில் கத்துவார்கள், மணியை அடிப்பார்கள். பிறகு அமைதியாகிவிடுவார்கள். இத்தனை வருடம் லிஃப்ட் ரிப்பேர் வேலையில் வெளியில் நின்று அந்த அமைதியைக் கேட்டிருக்கிறேன். இப்போது உள்ளே இருக்கிறேன். பயமெல்லாம் இல்லை. சும்மா நிற்கிறது.

என் மனம் மாறவில்லை. மாறுவதற்கு ஏதாவது இருக்க வேண்டுமே.

இப்படிக்கு,
தம்பி

*

ஜூலை 5

அன்புத் தம்பிக்கு,

டிக்கெட் எடுத்தாயிற்று! ஆகஸ்ட் இரண்டாம் தேதி காலை அங்கே இருப்போம். டாக்டர் உங்கள் சகலைக்குப் பயணம் செய்ய அனுமதி கொடுத்துவிட்டார். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் சகலை மட்டும் நேற்று, "நல்லா யோசிச்சுக்கோ. அவன் துக்கத்துல சரின்னு சொல்லியிருக்கான்" என்றார். "உங்களுக்கு நெஞ்சுலதானே ஆபரேஷன் பண்ணாங்க, வாய்க்கும் சேர்த்துத் தையல் போடச் சொல்லியிருக்கணும்" என்றேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன? சிட்டுவுக்குத் தெரியும், உங்களிடமும் சொல்லியிருப்பாள். எனக்கு மூன்று முறை வயிற்றில் தங்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு ஆட்டோவில் ஏறியிருக்கிறேன். மூன்றாவது முறை சிட்டு என் மடியில் அவள் கைப்பையைத் தூக்கி வைத்து, "இதைப் பிடிச்சுக்கோக்கா" என்றாள். கை சும்மா இருக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இந்த முறை வெறும் கையோடு திரும்ப மாட்டேன்.

பிள்ளையின் பழக்கவழக்கமெல்லாம் விவரமாக எழுதி அனுப்புங்கள். புது இடம், புது ஆள். என்னைக் கண்டு மிரளக் கூடாது.

அன்புடன்,
அக்கா

*

ஜூலை 15

அக்காவுக்கு,

கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன்.

பால் கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வைத்துப் பிடியுங்கள். பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்க்க வேண்டாம். பாட்டில் கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் இருந்தால் போதும். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கும். முடிந்தது என்று பாட்டிலை எடுத்துவிடாதீர்கள். புருவத்தைப் பாருங்கள். புருவம் சுருங்கியிருந்தால் இன்னும் வேண்டும். புருவம் தளர்ந்து, மூடியிருந்த கை விரிந்துவிட்டால் வயிறு நிறைந்துவிட்டது.

தோளில் போட்டால் ஏப்பம் வராது. எல்லோரும் தோளில்தான் போடுவார்கள், இதற்கு வராது. இடது தொடையில் உட்கார வைத்து, தாடையை உள்ளங்கையில் தாங்கி, முதுகை மேல்நோக்கித் தடவுங்கள்.

பசிக்கு அழுவதென்றால் சின்னதாகத் தொடங்கும். அதற்கு முன்பே தலையைத் திருப்பி வாயால் தேடும். தூக்கத்துக்கு அழுவது கோபமாக இருக்கும், காலை உதைக்கும். மூன்றாவதாக ஒன்று உண்டு. அதற்குக் காரணம் கிடையாது. சாயங்காலத்தில் வரும். நான் முதலில் பயந்தேன். இப்போது வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தூக்கி வைத்துக்கொள்கிறேன். எத்தனை துவைத்தாலும் அதில் கிரீஸ் வாசம் போவதில்லை. அந்த வாசத்துக்கு அடங்கிவிடுகிறது. ஒரு சட்டையை உங்களோடு கொடுத்து அனுப்புகிறேன். சகலை போட்டுக்கொள்ளலாம். அளவு சரியாக இருக்கும்.

குளிக்க வைக்கும்போது ஒரு கை அதன் மார்பின் மேல் இருந்துகொண்டே இருக்க வேண்டும். எடுத்தால், விழுகிறோம் என்று நினைத்து இரண்டு கையையும் விரிக்கும். வலது காதுக்குப் பின்னால் பால் வழிந்து புண்ணாகிறது. அங்கே துடைக்க மறக்காதீர்கள். தும்மினால் இரண்டு தும்மல். முதல் தும்மலுக்குப் பிறகு அதன் முகத்தில் ஓர் ஆச்சரியம் இருக்கும். அது பழக்கம் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

இதை எழுதும்போது பிள்ளை டூலா அம்மாவின் மடியில் இருக்கிறது. "எல்லாம் எழுதிட்டீங்களா?" என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். "உங்களைப் பத்தி?" என்றார். "என்னைப் பத்தி என்ன இருக்கு?" என்றேன். அவர் பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

பை எல்லாம் தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
தம்பி

*

ஜூலை 22

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் சகலைக்கு வாசித்துக் காட்டினேன். சட்டை அளவு சரியாக இருக்கும் என்ற இடம் வந்ததும் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் மீதியைத் தனியாகப் படித்தேன். பிறகு இன்னொரு முறை படித்தேன்.

பாசம் வரவில்லை என்று எழுதியவர் நீங்கள்தானே? யாரிடம் கதை விடுகிறீர்கள்? பொருளை ஒப்படைக்கிறவன் தும்மலைப் பற்றியா எழுதுவான்?

உங்களுக்கு அது இன்னும் தெரியவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. அது தெரியாமல் இருக்கும்போதே பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால், என்றாவது ஒருநாள் உங்களுக்குத் தெரியவரும். அன்றைக்கு நீங்கள் என் வாசலில் வந்து நிற்பீர்கள். அப்போது என்னால் கொடுக்க முடியாது. இப்போதென்றால் விட்டுவிட முடிகிறது.

நாங்கள் வரவில்லை. உங்கள் சகலை டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்.

கோபம் இருக்கிறது. யார் மேல் என்று தெரியவில்லை. செத்தவள் மேலும் இருக்கிறது. அவள் குழந்தை என்ற பேரில் அவளையே கொண்டுவந்து அந்த மஞ்சள் அறையில் வைத்துக்கொள்ளப் பார்த்தேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஏழு மாதம். தொட்டிலையும் ஆறு கவுனையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். "உங்க தங்கச்சி பொண்ணு வரலையா?" என்று கேட்டாள். "அப்பா விடலை" என்றேன். அப்படிச் சொல்லும்போது, நம்பமாட்டீர்கள், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கொஞ்ச நாளைக்கு எழுதாதீர்கள். அவள் சிரித்தாள், புரண்டாள் என்று எழுதினால் நான் கிளம்பி வந்துவிடுவேன். வந்தால் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அக்கா

*

ஆகஸ்ட் 18

அக்காவுக்கு,

எழுதாதீர்கள் என்றீர்கள். எழுதுகிறேன். திட்டுவதென்றால் திட்டுங்கள்.

உங்கள் கடிதத்தை டூலா அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவர், கட்டி வைத்திருந்த பையைப் பிரித்து, துணிகளைத் திரும்ப அடுக்க ஆரம்பித்தார். நானும் அடுக்கினேன்.

வேலைக்குத் திரும்பிவிட்டேன். நான் லிஃப்ட் பார்க்கும் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. பகலில் மகள் அங்கே இருக்கிறாள். மத்தியானம் போய் நான்தான் பால் கொடுக்கிறேன்.

டூலா அம்மாவின் வேலை போன வாரம் முடிந்தது. அடுத்து அவர் வேலைக்குப் போகும் வீட்டில் இரட்டைப் பிள்ளைகளாம். சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர் கண்ணாடிக்காகத் திரும்பி வந்தார். படியில் நின்றபடி, "இன்னும் அழலையா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். "வராட்டிப் போகுது. வரும்போது பிள்ளையைக் கீழ படுக்க வெச்சிட்டு அழுங்க. கையில வெச்சுக்கிட்டு மட்டும் வேண்டாம்" என்றார். பாட்டில் கழுவச் சொல்வதுபோல் அதையும் சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் வாருங்கள், அக்கா. சகலையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம். நீங்கள் கேட்டாலும் நான் இப்போது கொடுக்க மாட்டேன். அதனால் தைரியமாக வரலாம். வந்து, அவளைக் கையில் வைத்துக்கொண்டு, இருக்கிறவரை இருங்கள்.

நேற்று மத்தியானம் மகளைக் கீழே படுக்க வைத்தேன்.

இப்படிக்கு,
தம்பி