அம்பலத்து விறகை யாரும் சோதிப்பதில்லை

கூடப்பிறந்த என் அன்பு நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மையவாடியைக் கடந்து போகிறவர்கள் சொல்லும் சலாம் உள்ளே அடங்கியிருப்பவர்களுக்குக் கேட்கும் என்பார்கள். அப்படியானால் இதுவும் உங்களுக்குக் கேட்கட்டும். ஊர் பக்கத்தில் நின்று கேட்டாலும் எனக்குக் கவலையில்லை. கேட்கவேண்டியவர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. மதினி இன்னும் உங்களுக்காகத் துக்கம் காத்து இத்தாவில் இருக்கிறார். வாசல் பக்கம் வருவதில்லை, திரைக்கு அந்தப் பக்கமிருந்துதான் பேச்சு. உங்கள் சின்ன மகள் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிவிட்டாள். மாத்தளையில் பாணுக்கு விடியுமுன்னே பேக்கரி வாசலில் கியூவில் நிற்கிறோம். உங்கள் பொதிமாடுகளைப் பண்டாதான் பார்த்துக்கொள்கிறார். ரிவர்ஸ்டன் மலைக்கு அப்பாலிருந்து ஏலக்காய் மூட்டை இறக்கும்போதெல்லாம் உங்களோடு நடந்த மனிதர், உங்களை விட்டுவிட்டு நடக்க அவருக்குக் கால் வரவில்லை. அவருடைய கைப்புண் ஆறிவிட்டது. தழும்பு மட்டும் கறுப்பாக நிற்கிறது.

இனி என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

நீங்கள் மௌத்தானதற்கு ஊர் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. உங்களுக்கு முட்டு வருத்தமாம், மூச்சு இழுக்குமாம். பீடி குடித்துக் குடித்து நெஞ்சு பழுதாகிப் போயிருந்ததாம். மழையில் நனைந்ததும் தாங்கவில்லையாம். இதை முதலில் சொன்னவர் மலைப்பாதையைப் பராமரிக்கிற சங்கத்தின் தலைவர், ரத்தோட்டையில் கடை வைத்திருக்கிறவர். ஒரு நாளாவது உங்களுக்கு மூச்சு இளைத்திருக்கிறதா? பஸ்ஸில் பக்கத்து ஆள் பீடி பற்றவைத்தால் எழும்பி இடம் மாறுகிறவர் நீங்கள். மையவாடிக்குப் போனவன் எழும்பி வந்து மறுத்துப் பேசமாட்டான் என்கிற தைரியம். வேறென்ன?

உங்களைக் கொன்றது விறகு. மலைப்பாதையில் வழிப்போக்கர் தங்குகிற அம்பலத்துக்குள், தர்மம் என்று சொல்லி அடுக்கிவைத்த விறகு.

அம்பலத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே தங்கி நெருப்பு மூட்டியவர்கள், போகும்போது அடுத்து வருகிறவர்களுக்குக் காய்ந்த விறகு வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். சிங்களவர், தோட்டத்துத் தமிழர், நாங்கள், எல்லோருக்கும் அது ஒன்றுதான். நீங்கள் கொய்யாக் கட்டை வைப்பீர்கள், சவுக்குக் கிளை வைப்பீர்கள். பிடுங்கிப்போட்ட தேயிலைச் செடியின் வேர்க்கட்டை கிடைத்துவிட்டால் பெரிய சந்தோசம், விடியும்வரை நின்று எரியும் என்பீர்கள். அதனால் அம்பலத்து விறகை யாரும் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில்லை. விருந்துக்குப் போன வீட்டில் சோற்றை முகர்ந்து பார்ப்போமா?

கொஞ்சக் காலமாகக் கண்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து பையன்கள் முதுகில் பையோடு மலை ஏற வருகிறார்கள். ஹைக்கிங் என்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். அவர்கள் கண்ணுக்கு அழகாக இருக்கவேண்டும் என்று சங்கம் பாதையோரக் காட்டை வெட்டச் சொன்னது. வெட்டியதை என்ன செய்வது? துண்டு போட்டு, தோலை உரித்து, அம்பலத்துக்குள் இடுப்பளவுக்கு அடுக்கினார்கள். மேலே ஒரு பலகை: வழிப்போக்கருக்குச் சங்கத்தின் அன்பளிப்பு.

அந்த அன்பளிப்பில் பாதி காட்டுச் சேங்கொட்டை, நானா. டோபி துணிக்குக் குறி போடுகிற சேங்கொட்டையின் காட்டுச் சாதி. பால் பட்ட இடம் கொப்பளிக்கும். காய்ந்தாலும் அந்த நஞ்சு போகாது, எரித்தால் புகையோடு நெஞ்சுக்குள் இறங்கும். மரமாக நின்றிருந்தால் நீங்கள் மாட்டைக்கூட அதன் பக்கத்தில் கட்டமாட்டீர்கள். தோலுரித்த கட்டையாக, அதுவும் அம்பலத்துக்குள் இருந்தால் எப்படித் தெரியும்? நம்பினீர்கள். நம்பியதற்கு இந்தக் கூலி.

பண்டா அழுதுகொண்டே சொன்னார். நல்ல மழை, காற்று வேறு. நீங்கள் தட்டியை இழுத்துச் சாத்திக்கொண்டு நெருப்பு மூட்டினீர்கள். கட்டைகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, மாடுகள் இடிக்கு மிரண்டதால் அவர் வெளியே தாழ்வாரத்தில் நின்றுவிட்டார். அவருக்குக் கை கொப்பளித்ததோடு போயிற்று. உங்களை மாட்டின் மேல் சாய்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எனக்கு வீங்கிப்போன என் நானாவின் முகமே அடையாளம் தெரியவில்லை. கஞ்சி ஊட்டும்போது உங்கள் விரல்களைப் பார்த்தேன். சவுக்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாத கறுப்பு. வீட்டுத் துணிகளின் மூலையில் அந்தக் கறுப்பைப் பார்த்து வளர்ந்தவள் நான், எனக்கா தெரியாது? ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் உங்கள் தொண்டை அடைத்துவிட்டது.

வருகிற சனிக்கிழமை பையன்கள் அதே அம்பலத்தில் தங்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. நேரே தலைவரின் கடைக்குப் போனேன்.

"அந்த வெறக எடுத்துப் போடுங்க. புள்ளைகள் வரப் போறாங்க" என்றேன்.

"தங்கச்சி, வெறகு எரிஞ்சாப் பொகை வரத்தானே செய்யும். ஒங்க நானாவுக்கு முட்டு இருந்திச்சி. அதுக்கு நாங்க என்ன செய்ய?"

"யாரு சென்ன முட்டுன்டு? எங்கட உம்மாக்குத் தெரியாத முட்டு ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்ச?"

சாமான் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "சரி, சரி, சத்தம் போடாதீங்க. உள்ளுக்கு எரிக்கிறதுதானே பிரச்சினை? பையன்க கேம்ப் பயர் போடணும்னு கேட்டிருக்காங்க. எல்லாத்தையும் வெளியில குமிச்சு ஒரே நெருப்பாப் போட்டுருவோம். வெறகும் தீர்ந்துரும், ஒங்க மனசும் ஆறிரும்."

எனக்குக் கண்மண் தெரியவில்லை, நானா. வெளியில் எரித்தால் காற்று இவரைக் கேட்டுக்கொண்டா அடிக்கும்? அந்த நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து வாயைத் திறந்து பாடப்போவது யார் பெற்ற பிள்ளைகள்?

"ஒங்கட மகனும் அந்த ஸ்கூல்லதானே படிக்கிறார்? அவரையும் அந்த நெருப்புக்குக் கிட்ட ஒக்கார வைப்பீங்களா?" என்று கேட்டேன்.

தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "அத நான் பாத்துக்கிறேன்" என்றார்.

"நீங்க பாத்தது போதும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று மலைக்குப் போனோம். பண்டாவும் மாடுகளும், நானும், என்னைக் கட்டிய மாப்பிள்ளையும். பொம்பளைக்கு ஏன் இந்த வேலை என்று அவர் வழியெல்லாம் முணுமுணுத்தார், ஆனால் மண்வெட்டியை என்னிடம் தரவில்லை. மதினி குசினியிலிருந்த கொய்யா விறகு முழுவதையும் மாட்டில் ஏற்றச் சொன்னார். "நாளைக்கு நீங்க எதுல சோறாக்குவீங்க?" என்று கேட்டேன். "வெறகு தேடிக்கொள்ளலாம். அந்தப் புள்ளைகளுக்கும் உம்மா ஈக்கிறாங்கதானே" என்று திரைக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

கையில் தேங்காயெண்ணெய் பூசி, அதன்மேல் சாக்கைச் சுற்றிக்கொண்டு விறகை வெளியே எடுத்தோம். தோலுரித்த கட்டையில் எது நல்லது எது கெட்டது என்று பிரிக்க முடியவில்லை, அதனால் ஒன்றையும் விடவில்லை. ஓடைக்குத் தூரமாக ஆழமாகக் குழி வெட்டி அத்தனையையும் அதற்குள் இறக்கினோம். பலகையையும் கழற்றி உள்ளே போட்டேன். சங்கத்துக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

என் மாப்பிள்ளை மண்ணைத் தள்ளப் போனார். பொறுங்கள் என்றேன். உங்களைச் சுமந்த சந்தூக்கு வாசலைத் தாண்டியபோது நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நானா. பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. கூடப்பிறந்தவருக்கு ஒரு பிடி மண் போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. உங்களைக் கொன்ற விறகுக்குப் போட்டேன். குனிந்து, கையால் அள்ளி, மூன்று பிடி.

நாளை சனிக்கிழமை, பையன்கள் வருகிறார்கள். கொய்யா விறகில் தேத்தண்ணி காய்ச்சிக் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். இனி ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் அம்பலத்து விறகு நம் வீட்டிலிருந்து போகும். உங்கள் பெயரோடு முட்டு என்று சொல்கிற வாய் எந்த வாயாக இருந்தாலும், அதன் முன்னால் நான் போய் நிற்பேன். இது அல்லாஹ் மேல் ஆணை.

ஒரே வயிற்றில் உங்களுக்குப் பின்னால் பிறந்த,
ஸபீனா