ஜெயா வெஜிடபிள்ஸ்

12 ஜூன் 2006, திங்கள்

சீசன் கூட்டம் வடிந்துவிட்டது, இனி வங்கிக் கிளையில் நிம்மதியாக மூச்சு விடலாம் என்று நினைத்தேன். இன்றைக்கே மண்டல அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கப் புதுச் சட்டம் வந்திருக்கிறதே, அதன்படி வியாபாரக் கணக்குகள் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டுமாம். உரிமையாளர் யார், கடை எங்கே, வியாபாரம் நிஜமாகவே நடக்கிறதா என்று நேரில் பார்த்து அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். மேனேஜர் மணியன் சார் கட்டு முழுவதையும் என் மேஜைக்குத் தள்ளினார். “பழனிக்காரங்களுக்கு மலையேறச் சொல்லியா குடுக்கணும், சுசித்ரா?”

சாக்லேட் கடைகள், தைலக் கடைகள் எல்லாம் கூப்பிடு தூரம்தான். உறுத்துவது ஒன்றே ஒன்று: ஜெயா வெஜிடபிள்ஸ், கூக்கால். வாராவாரம் ரொக்கமாக வந்து விழுகிறது, வந்த சூட்டோடு சென்னைக்குப் போய்விடுகிறது. கூக்கால் முழுக்க உருளைக்கிழங்கு போட்டாலும் இவ்வளவு வருமா? பணம் கட்ட வருகிறவன் சேனாதிபதி நடத்தும் லாட்ஜின் ஆள். நான்கூட அவனிடம் எத்தனையோ முறை ரசீது கொடுத்திருக்கிறேன். கேட்கத் தோன்றவில்லையே, ஏன்?

ஏன் என்று தெரியும். என் வீட்டுக்காரர் முருகவேலின் வேனுக்குச் சவாரி அந்த லாட்ஜிலிருந்துதான் வருகிறது.

15 ஜூன், வியாழன்

காலை பஸ்ஸில் கூக்கால் போனேன். பூம்பாறை தாண்டியதும் மழை. இறங்கி டீக்கடையில் கேட்டால், “ஜெயா வெஜிடபிள்ஸா? அப்பிடி ஒரு கடை இங்க ஏதும்மா? ஜெயான்னு ஒரு அம்மா ஓடையில கேரட் கழுவிக்கிட்டு இருக்கும், போய்ப் பாருங்க.”

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். அவரது சின்ன வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம்.

“ஜெயா வெஜிடபிள்ஸ் ஓனர் நீங்கதானா?”

சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கூட்டிப் போனார். வீடு என்று சொல்ல ஒரே அறை. அதுவும் சேனாதிபதிக்குச் சொந்தம். சுவரில் மகள் சத்தியபிரியாவின் படம், நர்சிங் மாணவி உடுப்பில். திண்டுக்கல்லில் இரண்டாம் வருடம் முடிந்திருக்கிறதாம்.

“சேனாதிபதி ஐயா கையெழுத்துக் கேட்டாரு, போட்டேன். ஒம் புள்ளயப் படிக்க வெக்கிறேன்னாரு, வெக்கிறாரு. இதுல என்னம்மா தப்பு?”

“என்ன கணக்குன்னு நீங்க கேக்கலையா?”

“கேட்டா படிக்க வெப்பாரா?”

ஆக, ஒன்றும் தெரியாதவர் இல்லை. முழுக்கத் தெரிந்தவரும் இல்லை. பஸ் ஏறும்போது கையைப் பிடித்துக்கொண்டார். “எதையும் எழுதிப்புடாதீங்கம்மா. இன்னும் ஒரே ஒரு வருசம்.”

ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். வழியில் எதையும் பார்த்த நினைவு இல்லை.

16 ஜூன்

மணியன் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். “அந்தம்மா இருக்காங்க. கையெழுத்தும் அவங்களோடது. பாத்தாச்சுன்னு போட்டுட்டுப் போம்மா. ரிட்டயர் ஆகப் போற நேரத்துல எனக்கு எதுக்கு இந்த வம்பு?”

“கடை இல்லையே சார்.”

“காய்கறி யாவாரத்துக்குக் கடை எதுக்கு?”

போடவில்லை. போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

20 ஜூன், செவ்வாய்

சேனாதிபதி வந்தார். நேராக என் மேஜைக்கு. ஒரு பை பேரிக்காய். தோட்டத்தில் காய்த்தது, குழந்தைகளுக்கு என்றார். எனக்குக் குழந்தை இல்லை என்பது அவருக்குத் தெரியாதா?

“கூக்கால் பக்கம் போயிருந்தீங்களாம்ல? சொல்லியிருந்தா நம்ம ஜீப்பை அனுப்பியிருப்பேனே. அந்த பஸ்ஸுல போயி இடுப்பு ஒடியணுமா? முருகவேல் நம்ம பையன். அவன் வீட்டுப் பொண்ணு கஷ்டப்படலாமா?”

மிரட்டவே இல்லை. சிரித்த முகம். அவர் போனதும் பையைக் கடைநிலை ஊழியரிடம் கொடுத்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

24 ஜூன்

இன்றும் கையெழுத்துப் போடவில்லை.

5 ஜூலை, புதன்

ஜெயா கவுன்ட்டருக்கு வந்துவிட்டார்! செருப்பெல்லாம் சேறு. எல்லோருக்கும் கேட்கிற குரலில், “எம் பேருல இருக்கற பணந்தானே? குடுங்க.”

உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்தோம். நான் போய் வந்ததிலிருந்து சேனாதிபதி அவர்மேல் சந்தேகப்பட்டு, படிப்புக்குக் கட்டுவதை நிறுத்திவிட்டாராம். என்னால்தானே? நான் போகாமல் இருந்திருந்தால்—

மணியன் சார் போனை எடுத்தார். யாருக்கு என்று தெரியும். “சார், வேண்டாம். இவங்க வந்ததை வெளியில சொல்லக் கூடாது. சட்டத்துல இருக்கு” என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. வைத்துவிட்டார்.

ஜெயாவிடம் சொன்னேன்: “எடுத்தா இதெல்லாம் உங்க பணம்னு ஆயிரும். எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்.”

“எடுக்கலைன்னா மட்டும் கேக்க மாட்டாங்களா?”

“கேப்பாங்க. ஆனா இது உங்க யாவாரம் இல்லை, யாருக்காகக் கையெழுத்துப் போட்டீங்கன்னு நீங்களே முந்தி எழுதிக் குடுத்துட்டா, உங்க பக்கம் பேச ஒரு வழி இருக்கும்.”

“எம் புள்ள படிப்பு?”

வெள்ளைத்தாள் ஒன்றை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பனிமூட்டம், தெருகூடத் தெரியவில்லை. பிறகு, “பேனாவக் குடுங்க” என்றார். நான் எழுதித் தருகிறேன் என்றதற்கு, “வேணாம். எம் பேருல அவுக எழுதுனதெல்லாம் போதும். இத நானே எழுதுறேன்.”

6 ஜூலை

ஜெயா எழுதிக் கொடுத்ததோடு என் அறிக்கையையும் சேர்த்து மணியன் சார் முன் வைத்தேன். வெகுநேரம் படித்தார். மேலனுப்பும் கையெழுத்தைப் போட்டுவிட்டு, “நீயே கொண்டு போய்க் கூரியர்ல குடு. ஆபீஸ் பையன் கையில குடுக்காத” என்றார்.

அறிக்கை போயிருக்கிறது என்று யாரிடமும் மூச்சு விடக் கூடாது. கட்டின புருஷனிடம்கூட. இங்கே எழுதலாமா? தெரியவில்லை. எங்கேயாவது சொல்லணும்ல?

19 ஜூலை

லாட்ஜில் இவரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லையாம்.

“நீ பேங்க்ல ஏதாச்சும் செஞ்சியா, சுசி?”

“ஆபீஸ் விசயம் கேக்காதீங்க.”

“அப்ப செஞ்சிருக்க.”

தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். ஏழு வருடத்தில் சாப்பாட்டில் பாதியில் எழுந்ததில்லை.

2 செப்டம்பர், சனி

மதுரையிலிருந்து விசாரணை அதிகாரிகள் வந்து போய்விட்டார்கள். கணக்கு முடக்கப்பட்டது. சேனாதிபதியை இரண்டு முறை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனாலும் ஏரிச் சாலையில் எதிரே வந்தவர், “நல்லாயிருக்கீங்களாம்மா?” என்றார். நான் ஏன் தலையாட்டினேன்?

ஜெயாவிடம் விசாரித்து, அவர் சொன்னது உண்மை என்று எழுதிக்கொண்டார்களாம். லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால் இப்போது வில்பட்டியில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். இன்று போய்ப் பார்த்தேன். மகள் படிப்பை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்: “நீங்க அன்னைக்கி வராமயே இருந்திருக்கலாம்ல?”

ஜெயா அவளை அதட்டினார். எனக்கு அதட்டியிருக்க வேண்டாம் என்று இருந்தது. அவள் கேட்டதில் என்ன தப்பு?

இங்கே வீட்டிலும் இப்படித்தான். உப்பு வேண்டும், சாவி எங்கே. அதற்கு மேல் பேச்சில்லை.

26 நவம்பர், ஞாயிறு

சத்தியபிரியாவின் கல்விக்கடன் மனு மணியன் சார் மேஜையில் இருக்கிறது. மேலே இருந்து இன்னும் பதில் வரவில்லை. போன வாரம் அவள் முகவரியைச் சரிபார்க்கப் போனபோது டீ போட்டுக் கொடுத்தாள். கொடுத்த கையோடு பூண்டு உரிக்கப் போய்விட்டாள்.

இவர் வேனின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு வில்பட்டி முட்டைக்கோஸை ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஏற்றிப் போகிறார். சவாரியில் வந்ததில் பாதிகூட வரவில்லை. இன்று சந்தையிலிருந்து வந்தவர், சாப்பிடும்போது தானாகவே பேச்செடுத்தார்.

“ஜெயாக்கான்னு ஒருத்தவங்க மூட்டை ஏத்த வந்தாங்க. நீங்க பேங்க்கம்மா வீட்டுக்காரரான்னு கேட்டாங்க. கூக்கால்ல இருந்து வந்தவங்களாம். சேனாதிபதி லயத்துல இருந்தாங்களாம்.”

தோசைக் கரண்டி என் கையிலேயே இருந்தது.

“வேற என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லலை. ஒன்னையக் கேட்டேன்னு சொல்லச் சொன்னாங்க.” என் முகத்தையே பார்த்தார். இத்தனை மாதத்தில் அப்படிப் பார்க்கவில்லை.

“என்னங்க, நான்—”

“சொல்லக் கூடாதுன்னுதானே இருந்த? இருக்கட்டும். கல்லுல கருகுது பாரு.”

கருகியதை எடுத்துப் போட்டுவிட்டு வேறு ஊற்றினேன். அதையும் சாப்பிட்டார், இன்னொன்றும் கேட்டார். நாளைக்கு வெள்ளனே லோடு இருக்கிறதாம், பிளாஸ்க்கில் டீ வேண்டுமாம். ஜூலையிலிருந்து வழியில் கடையில்தான் குடித்துக்கொண்டிருந்தார்.

பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.