செண்டுமல்லிக்கு வாங்கிய பிராந்தி

சண்டை போடவும் ஆளில்லாமல் என்னைத் தோட்டத்தில் விட்டுப்போன அன்பு மாப்பிள்ளைக்கு,

தொண்டாமுத்தூரில் எல்லோரும் நலம். முதலில் நல்ல செய்தி. வருடா வருடம் பெரிய பூவாகப் பொறுக்கி நீங்கள் விதை எடுத்து வந்தீர்களே, அந்த ஆரஞ்சு செண்டுமல்லி பிழைத்துக்கொண்டது.

பிழைக்காது என்றுதான் நினைத்தேன். நீங்கள் போன துக்கத்தில் விதை டப்பாவை யார் கவனித்தோம்? மழை ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. என் தங்கை, உங்கள் சரசு, புடைத்து எடுத்ததில் ஒரு கைப்பிடி தேறியது. அதிலும் முளைத்தது ஒரே பாத்தி.

"இதுவும் போச்சுன்னா அவுரு பூவே இல்லீங்கண்ணா" என்றாள். 

இருக்கிற செடியில் பூவைக் கூட்டினால்தான் விதை கூடும். நுனியைக் கிள்ளிவிட்டாள், பக்கக் கிளைகள் வந்தன. அடுத்து, பூ கூடுவதற்கு நீங்கள் தெளிக்கும் ஜிப்ரலிக் பொடி. பறிப்பது அவள், மருந்தடிப்பது நீங்கள் என்று பிரித்துக்கொண்ட வீடல்லவா? அவளுக்குப் பக்குவம் தெரியவில்லை. தண்ணீரில் போட்டுக் கலக்கு கலக்கென்று கலக்கினாள். பொடி கட்டி கட்டியாக மிதந்தது. மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டோம்.

"ஏனுங்க அக்கா, அது வெறுந்தண்ணியில லேசுல கரையாதுங்க. கொஞ்சம் ஸ்பிரிட்ல கரைச்சுப்போட்டு அப்பறம் தண்ணியில ஊத்தோணுங்க. உங்கூட்டுக்காரரு பிராந்தியிலதான் கரைப்பாருங்க."

சரசுவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! மோட்டார் ரூமில் பிராந்தி பாட்டிலைக் கண்டுபிடித்துவிட்டு உங்களோடு பேசாமலே இருந்தாளே, நினைவிருக்கிறதா? "செடிக்குத்தான் அம்மணி" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தீர்களே!

"அண்ணா, அவுரு நெசமாத்தான் சொல்லியிருக்காருங்க" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு அந்தப் பாட்டிலை அவளே எடுத்து வந்தாள். பாதி காலி. "இத்தனையும் செடிக்கே ஊத்தியிருக்காரு, பாவம்" என்றாள். நான் மருந்து டேங்கைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

செடிகள் பூத்துத் தள்ளின. ஆயுத பூஜைக்கு வியாபாரி தோட்டத்துக்கே வந்து நின்றார். "பூவுல கைய வெக்காதீங்க, இது விதைக்குங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். விற்றிருக்கலாமோ என்று எனக்குக்கூடச் சபலம்தான். அவளுக்கு இல்லை. பூக்கள் செடியிலேயே காய்ந்தன. நேற்று வாசலில் உட்கார்ந்து இதழை உருவி விதை எடுத்தாள். ஒரு முறம் நிறைந்தது. முகத்தில் பழைய சரசுவைப் பார்த்தேன். அங்கே உங்களுக்கு யார் பூ வைக்கிறார்கள், மாப்பிள்ளை?

வருகிற பட்டத்தில் உங்கள் பூவை நானே விதைப்பேன். விதை டப்பாவை மழை தொடாமல் பார்த்துக்கொள்வேன். இன்னொரு வாக்கும் தருகிறேன். அந்தப் பாதியைக் குடித்த செடிகள் எவை என்று சரசுவிடம் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
அந்தச் செடிகளில் மிச்சமிருக்கும் ஒன்று,
உங்கள் மச்சான்.