சாக்கு சுற்றிய மேப்பிள்

மரியே வாழ்க

மேற்கு தாம்பரம்,
நவம்பர் 26

அன்பு மகன் ஆஸ்டினுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. போனில் பேசினால் 'அம்மா, மீட்டிங்' என்று வெட்டிவிடுகிறாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. எதிர்வீட்டு ஏஞ்சல் நாளை டொராண்டோவுக்கு விமானம் ஏறுகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மேப்பிள் மரங்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டிருந்தாய். பன்னிரண்டில் பத்து செத்துவிட்டன. திருப்திதானே?

நம் குடியிருப்புக்குப் புத்தி கெட்டது ஜூலையில். போன அக்டோபரில் எடுத்த உன் தெருவின் போட்டோவை நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டாய். மரமெல்லாம் சிவப்பு, கீழே மஞ்சள் இலை, நடுவில் நீ பல்லைக் காட்டிக்கொண்டு. உடனே செயலாளர் மோகன்ராஜுக்கு இங்கேயும் அது வேண்டும். இடம் வேண்டுமென்று கேட் ஓரம் நின்ற பாதாம் மரத்தை வெட்டினார்கள். ஏன் அதை வெட்டினார்கள் தெரியுமா? இலை சிவந்து சிவந்து கொட்டுகிறதாம், குப்பையாம்! இலை சிவந்து கொட்டும் மரத்தை வெட்டிவிட்டு, இலை சிவந்து கொட்டும் மரம் வாங்கப் போன மகான்கள் உலகத்தில் வேறு எங்கேயாவது உண்டா? தோட்டக்காரர் தசரதன் அப்போதே சொன்னார், 'யம்மா, தை மாசம் வந்தா இதுவே செவசெவன்னு கீது, இத்த இன்னாத்துக்கு வெட்டிகினு' என்று. ஏழை சொல் அம்பலம் ஏறுமா?

பன்னிரண்டு மேப்பிள் கன்று வாங்கி நட்டதும் நீ ஒரு பராமரிப்புக் குறிப்பு அனுப்பினாய். அதை லேமினேட் செய்து லிஃப்டில் மாட்டினார்கள். புதிதாக நட்ட மரத்துக்கு, அக்டோபர் வந்ததும் பனியில் பட்டை வெடிக்காமல் இருக்கத் தண்டைச் சாக்கால் சுற்ற வேண்டும், அடியில் முழங்கால் உயரத்துக்கு மரத்தூள் குவிக்க வேண்டும். அடப்பாவி! ஐப்பசியில் தாம்பரத்தில் பெய்வது பனியா, அடைமழையா? இங்கேதானே பிறந்து வளர்ந்தாய்! நாங்கள் ஃபேன் போட்டுக்கொண்டு தூங்குகிறோம், மரத்துக்கு ஸ்வெட்டர்! இந்தக் கட்டடத்தில் முப்பது இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. உன் அப்பாவோ, 'பையன் கனடாவுல இருந்து சொல்றான், காரணம் இல்லாமலா சொல்லுவான்' என்றார்.

மழை பிடித்தது. சாக்கு நாள்கணக்கில் ஊறியது. உள்ளே பட்டை அழுகியது, மரத்தூளில் கரையான் ஏறியது. இலை ஓரமெல்லாம் சிவந்தது. அதைப் பார்த்து இலையுதிர்காலம் வந்துவிட்டது என்று ஒரே கொண்டாட்டம். மோகன்ராஜின் மனைவி புஷ்பலதா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மரத்தடியில் செல்ஃபி எடுத்தாள். சாகக் கிடக்கிறவன் முகத்தில் களை வந்துவிட்டது என்று மெச்சிக்கொள்வது போல இருந்தது எனக்கு. நீயும் அதற்கு மூன்று இதயம் போட்டாய்.

தசரதன் ஒருவர்தான் பொறுக்கமாட்டாமல் பம்ப் ரூம் பக்கம் இருந்த இரண்டு மரத்துச் சாக்கை மட்டும் அவிழ்த்தார், மரத்தூளைத் தள்ளிவிட்டார். அந்த இரண்டுதான் இன்றைக்குத் துளிர் விட்டு நிற்கின்றன. நீ என்ன செய்தாய்? கடல் தாண்டி உட்கார்ந்து, குடியிருப்புக் காமிராவைப் போனில் திறந்து அவர் சாக்கை அவிழ்த்ததைப் பார்த்தாய். குறிப்பை மீறியதால்தான் மரங்கள் சாகின்றன, இந்த ஆளை மாற்றுங்கள் என்று குழுவில் எழுதினாய். அவர் அவிழ்த்தது எந்த மரம், செத்தது எந்த மரம் என்று பார்க்க உனக்கு நேரமில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தால் இவர்களுக்கு வேதவாக்கு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம் வைத்திருக்கிறார்கள், அவரை வேலையை விட்டு நிறுத்த.

பதினொரு வருஷமாக இங்கே வேலை செய்கிறவர். போன வருஷம் அப்பா பாத்ரூமில் விழுந்தபோது கதவை உடைத்துத் தூக்கியவரும் அவர்தான். அன்றைக்கும் நீ மீட்டிங்கில் இருந்தாய்.

நேற்று அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். 'தம்பிய ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. அது இருக்கற ஊரு வேற, மண்ணு வேற. அதுக்கு இன்னா தெரியும்' என்றார். படித்துப் பட்டம் வாங்கிய என் பிள்ளைக்காக அவர் எனக்குச் சமாதானம் சொல்கிறார். நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது? உன் மேல் எனக்குக் கோபம்கூட இல்லை ஆஸ்டின், வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் குழுவில் நாலு வரி எழுது. தப்பு என்னுடையது, தசரதன் செய்ததுதான் சரி என்று எழுது. வேறெதுவும் வேண்டாம். நீ எழுதாவிட்டால் பூசை முடிந்ததும் கூட்டத்துக்குப் போய், எல்லார் முன்னாலும் எழுந்து, மரத்தைக் கொன்றவன் என் மகன் என்று நான் சொல்வேன். சொல்லிவிடுவேன், என்னை உனக்குத் தெரியும். ஆனால் பெற்ற வாயால் அதைச் சொல்ல வைக்காதேப்பா.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேளைக்குச் சாப்பிடு. ஆரோக்கிய மாதா உனக்கு நல்ல புத்தியையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். புத்தியை முதலில் தரட்டும்.

உன் அம்மா,
அருள்மேரி