ஒரே ஒரு ஈ கடித்தது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நம் குட்டிப் பூசணியும் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் வலது கையைத் தவிர எல்லாரும் சுகம். நேற்றுத் தோட்டத்தில் ஒரு ஈ கடித்துக் கை புசுபுசுவென்று வீங்கிவிட்டது, பேனா பிடிக்க முடியவில்லை, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். கதவுல இடிச்சுக்கிட்டதா எழுது, அவ வரணும்னா ஈன்னு வாயே திறக்காதே என்கிறார் உன் அப்பா. குழந்தை விஷயத்தில் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. (அக்கா, அடைப்புக்குள் வருவதெல்லாம் நான். அம்மாவின் கண்ணாடி என் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது.)

இந்த லீவுக்கு வந்தால் ஓட்டலில் ரூம் எடுத்துத் தங்குகிறோம், பகலில் மட்டும் எட்டிப் பார்க்கிறோம் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. (இறங்கியது. மறுபடி கேட்டு வாங்கியதும் இறங்கியது.) உன்னைக் குறை சொல்லவில்லை அம்மாடி. போன தடவை ஈ கடித்துக் காது வீங்கிக் குழந்தை விடிய விடிய அழுததை நானும்தானே தோளில் போட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளை பெட்டியைச் சீக்கிரமாகக் கட்டிவிட்டார், அதுதான் எனக்குச் சுருக்கென்றது. உன் அப்பா முகத்தில் ஈயாடவில்லை. (காலில் நன்றாக ஆடியது.)

நீங்கள் போன மறுநாளே அப்பா போருக்குக் கிளம்பிவிட்டார். (ரிட்டயர் ஆகி என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், ஈ ஓட்டுகிறார் என்று இனி தைரியமாகச் சொல்லலாம்.) பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி மரத்தில் கட்டினார். எறும்பு வந்தது, சாதா ஈ வந்தது, கடிக்கிற ஈ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதற்கு வேண்டியது நம் ரத்தம்தானே. கடைக்காரர் பூச்சிமருந்து அடியுங்கள் என்றார், பூசணி மண்ணைத் தொட்டால் அடுத்தது வாய்தான், அதனால் மருந்துப் பேச்சே வேண்டாம் என்றுவிட்டேன். எலுமிச்சைப் புல் நட்டேன். வாசனை எனக்குப் பிடித்திருந்தது, ஈக்கும் பிடித்திருந்தது. கடைசியில் கோபமெல்லாம் பக்கத்து வீட்டுத் தையல்காரர் மேல் திரும்பி, உன் கோழிகளால்தான் இந்தப் பீடை என்று வேலியோரம் நின்று கத்திவிட்டேன். என் கோழி ஈயைத் தின்னும்க்கா, பெத்துப் போடாது என்றார் அவர். அன்றிலிருந்து அவரிடம் தைக்கக் கொடுத்த துணியைக்கூட வாங்கப் போகவில்லை.

உண்மை தெரிந்தது உன் தங்கையின் திருவிளையாடலால். அப்பாவைப் பயமுறுத்த ஒரு ரப்பர் பாம்பைத் தோட்டத்துப் பெஞ்சுக்கு அடியில் இருந்த வைக்கோலுக்குள் செருகப் போயிருக்கிறாள். கையை விட்டவள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள், பார்த்தால் உள்ளே கொழகொழவென்று அழுகி வெள்ளைப் புழு நெளிகிறது. (பாம்பும் என்னுடையது, அலறலும் என்னுடையது. அப்பா நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் தொழிலில் இப்படி ஒரு அவமானம் நேர்ந்ததில்லை.) அந்த வைக்கோலைப் போட்டது நான்தான். தத்தித் தத்தி நடக்கும்போது பேத்தி விழுந்தால் அடிபடக் கூடாதென்று போன தடவை நீங்கள் வருவதற்கு முன்னாலேயே மெத்தை மாதிரிப் பரப்பி வைத்தேன், தூசி பறக்கக் கூடாதென்று உன் அப்பா தினமும் குழாயால் நனைத்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஈக்குப் பிரசவ ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

அத்தனையையும் வாரி வெயிலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவிட்டோம், ஈரம் போனால் புழு பிழைக்காது. தையல்காரரிடம் போய், தப்பு என் மேலதான் தம்பி என்றேன். அதுக்கென்னக்கா, கோழிய அனுப்பவா என்றார். வந்த கோழிகள் மிச்சப் புழுவைக் கிளறித் தின்றுவிட்டு, என் கீரை விதையையும் தின்றுவிட்டுப் போயின. இப்போது வெட்டிய புல்லைக் குவித்து வைப்பதில்லை, ஒழுகின குழாயை மாற்றியாயிற்று, ஒரு நீல வாளியைக் கவிழ்த்து விளக்கெண்ணெய் தடவி வைத்தால் வந்து உட்காருகிறவை ஒட்டிக்கொள்கின்றன, பெஞ்சுக்குப் பக்கத்தில் மேசை விசிறி ஓடினால் காற்றில் அவற்றால் காலில் இறங்க முடிவதில்லை. (அப்பா தினமும் வாளியைப் பார்த்து ஈயென்று இளிக்கிறார்.)

பல நாள் ஒரு கடி இல்லாமல் இருந்து, நேற்று வெயில் சாயும் நேரத்தில் விசிறி இல்லாத மூலையில் களை பிடுங்கும்போதுதான் எனக்கு இப்படி ஆயிற்று. அதனால் அடியோடு ஒழிந்தது என்று எழுத முடியாது. குழந்தையைச் சாயங்காலம் வெளியே விடமாட்டேன், உன் அறை ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று. இது போதும் என்று உனக்குப் பட்டால் வீட்டுக்கு வா. போதாது என்றால் ஓட்டலிலேயே தங்கு, எனக்கு வருத்தமில்லை. இல்லை, அதை அடித்துவிடச் சொல்கிறேன். வருத்தம் இருக்கிறது, கோபம்தான் இல்லை. நானே காலையில் அங்கே வந்துவிடுகிறேன், குழந்தையைக் குளிப்பாட்டுவதை மட்டும் எனக்கு விட்டுக்கொடு. (அக்கா, இதைச் சொல்லும்போது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த அடைப்புக்குள் ஜோக் இல்லை. வா.)

எங்கே தங்கினாலும் பூசணிக்குக் கை கால் மூடுகிற வெளிர் நிறச் சட்டைகளாக எடுத்து வர மறக்காதே. மாப்பிள்ளையை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா