பதினோரு விநாடி

அருள்புரம்,
10.8.93

அன்புத் தம்பி செங்கோட்டையனுக்கு,

கால் எலும்பு கூடிவிட்டதா? ஆஸ்பத்திரிச் சோற்றை முகம் சுளிக்காமல் சாப்பிடு கண்ணு. உன் மாமாவின் காரியம் முடிந்தது. நீ வரமுடியாததை யாரும் குறையாகப் பேசவில்லை.

அவருடைய பனியன் கம்பெனி பூட்டியே கிடக்கிறது. ரயிலில் பம்பாய் போகிறேன் என்றவரை, "என் தம்பி ஓட்டுற பிளேன் இருக்கறப்ப ரயில் எதுக்குங்க?" என்று அனுப்பி வைத்தவள் நான். ஏறும்போது உன்னிடம், "மாப்பிள்ளை, மேடுபள்ளம் பார்த்து ஓட்டுங்க" என்று கேலி பண்ணினாராமே. பக்கத்து சீட்டில் இருந்து பிழைத்தவர் வந்து சொன்னார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இடையில் நிற்கிற ஊரில் இறங்கி, ஓடுபாதை முடிந்தும் நிற்காமல் ஓடிப் பள்ளத்தில் விழுந்தது என்கிறார்கள். ஏன் நிற்கவில்லை தம்பி? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் அக்காள்,
சாரதாமணி

பம்பாய்,
2.9.93

அன்புள்ள அக்காவுக்கு,

கால் தேவலைங்க. அதிகாரிகள் ஓடுபாதையில் நடந்து டயர் தடத்தை அளந்திருக்கிறார்கள். விமானி அறையில் பேசினதெல்லாம் பதிவாகிற பெட்டியும் கிடைத்துவிட்டது. கேப்டன் உயிரோடு இல்லாததால் என்னைத்தான் தினமும் கேட்கிறார்கள்.

அன்றைக்கு நல்ல மழைங்க அக்கா. மழைதான் காரணம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்க.

தம்பி,
செங்கோட்டையன்

அருள்புரம்,
20.4.94

தம்பி,

விசாரணை முடிவு பேப்பரில் வந்திருக்கிறது. அதிக வேகத்தில் வந்து, பாதி ஓடுபாதை தாண்டித்தான் தரையைத் தொட்டதாம். ஈரத்தில் பிரேக் பிடிக்கவில்லையாம். தப்பு கேப்டன் மேல். "துணை விமானி எச்சரித்தார்" என்று போட்டிருக்கிறது. உன்னைத்தானே சொல்கிறார்கள்! அந்த வரியை நாலு தடவை படித்தேன். உன்னைப் பற்றி ஏதேதோ பேசினவர்களே இப்போது வந்து உன் சௌக்கியம் விசாரிக்கிறார்கள்.

பிறந்த வீடு என்று எனக்கு நீ ஒருத்தன்தான். ஊருக்கு வா சாமி. கொள்ளுப் பருப்பு கடைந்து வைக்கிறேன்.

உன் அக்காள்,
சாரதாமணி

பம்பாய்,
3.5.94

அக்கா,

அந்த வரியை நம்பாதீங்க.

விசாரணையில் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். "சார், வேகம் கொஞ்சம் அதிகம்" என்கிறேன், எனக்கே சரியாகக் கேட்காத குரலில். கேப்டன் "ம்" என்கிறார். அப்புறம் டயர் தரையைத் தொடும்வரை பதினோரு விநாடி வைப்பர் சத்தம் மட்டும்தான். அதற்குள் "இறங்க வேண்டாம், மேலே ஏத்துங்க" என்று நான் கத்தியிருந்தால், ஒரு சுற்றுச் சுற்றிவந்து பத்திரமாக இறங்கியிருக்கலாம். அப்படிக் கத்துவதற்குத்தான் எனக்குப் பயிற்சியே கொடுத்தார்கள்.

பெரியவங்க "ம்" சொன்னதுக்கு மேலே நம்ம ஊட்டில் யாராச்சும் பேசியிருக்கோமுங்களா? எனக்கு வாய் வரலைங்க. மாமா பின்னால் உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்போதும் நினைவில் இருந்தது.

இதை மறைத்துக்கொண்டு உங்கள் கையால் சாப்பிட என்னால் முடியாது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் பயமாக இருக்குதுங்க.

செங்கோட்டையன்

அருள்புரம்,
18.5.94

தம்பி,

எட்டு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நீ சொல்லாமல் இருந்திருந்தால் ஆயுசுக்கும் பேப்பரையே நம்பியிருப்பேன். சொன்னது பெரிய மனசுதான். ஆனால் எந்த வேலையில் நின்றாலும் ஒன்று, இரண்டு என்று பதினொன்று வரை எண்ணிப் பார்க்கிறேன். எவ்வளவு நேரம் தம்பி அது! உன் மேல் கோபம் வருகிறது, அடுத்த நிமிஷம் நீ சாப்பிட்டாயோ என்று நினைக்கிறேன். இப்படி என்னால் இருக்க முடியாது.

ஆவணியில் குழந்தைக்குக் காது குத்துகிறோம். தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். பெரியப்பா மகன் மயில்சாமி அண்ணனை உட்காரச் சொல்லிவிட்டேன். நீ வர வேண்டாம்.

கேட்கிறவர்களிடம் உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்வேன். நீயும் அதையே சொல்லு.

சாரதாமணி